சூ கிராஃப்டனின் இருபதாம் எழுத்து: கல்லடி வாசகர் வட்டத்துக்கு ஒரு பதில்

கல்லடியில் மாதந்தோறும் கூடும் உங்கள் வாசகர் வட்டம் அடுத்த கூட்டத்துக்குச் சூ கிராஃப்டனின் 'ரி இஸ் ஃபோர் ட்ரெஸ்பாஸ்' ('ட்ரெஸ்பாஸ்' என்றால் அத்துமீறி நுழைதல்) என்ற ஆங்கில நாவலைத் தெரிவு செய்திருப்பதாகவும், பாதி வாசித்தவர்களிடமிருந்து மூன்று கேள்விகள் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். குற்றவாளி யாரென்று தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால் அது எப்படித் துப்பறியும் நாவலாகும் என்பது ஒன்று. முன்னால் உள்ள பத்தொன்பது நாவல்களை வாசிக்காதவர்கள் நேரே இருபதாவதில் இறங்கலாமா என்பது இன்னொன்று. அயலட்டை முழுவதும் ஒரு வீட்டின் மேல் கண் வைத்திருக்கும் மட்டக்களப்பில் இப்படியொரு கதை நடக்க வழியே இல்லையே, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கேள்விக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்த அகரவரிசைத் தொடரில் கிராஃப்டன் எழுதிய இருபத்தைந்து நாவல்களில் நம் பகுதி வாசகர்களுக்கு மிக அருகில் வந்து நிற்பது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடரைப் பற்றித் தேவையான அளவு மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில அகரவரிசையின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நாவல் என்ற திட்டத்துடன் 1982இல் கிராஃப்டன் இதைத் தொடங்கினார். கலிபோர்னியா மாநிலத்தின் உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளரான கின்சி மில்ஹோன் தன் கதையைத் தானே சொல்கிறாள். ஐந்து வயதில் வீதி விபத்தொன்றில் தாய் தந்தையரை இழந்து, சின்னம்மா ஒருத்தியிடம் வளர்ந்து, இருமுறை மணமுறிவு கண்டு, தனியே வாழ்பவள். அவள் வாழும் சாந்தா தெரேசா என்ற கடற்கரை நகரம் கற்பனையானது. சாந்தா பார்பரா என்ற உண்மையான நகரத்தைத் தழுவியது. அந்தக் கற்பனைப் பெயரை முதலில் பயன்படுத்தியவர் மூத்த துப்பறியும் எழுத்தாளர் ரொஸ் மக்டொனால்ட்; அவருக்கு மரியாதையாகவே கிராஃப்டன் அதை எடுத்துக்கொண்டார். 2017இல் 'வை' எழுத்து வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி கிராஃப்டன் காலமானார். கடைசி எழுத்துக்கான நாவல் எழுதப்படவில்லை, வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்கக் குடும்பத்தினரும் இடம்கொடுக்கவில்லை.

நாவல்கள் வெளிவந்த காலம் முப்பத்தைந்து ஆண்டுகள். ஆனால் கதைக்குள் நகரும் காலம் 1982 முதல் 1989 வரை மட்டுமே. ஆகவே 2007இல் அச்சான இந்த நாவலின் நிகழ்ச்சிகள் 1987ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்குகின்றன. கைத்தொலைபேசி இல்லை, இணையம் இல்லை. ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமானால் கந்தோர் கந்தோராக ஏறி இறங்க வேண்டும், பதிவேடுகளைப் புரட்ட வேண்டும், வாசற்படியில் நின்று முன்பின் தெரியாதவரிடம் பேச வேண்டும். பிறர் அடையாளத்தைத் திருடுவது என்ற குற்றத்தை இன்று நாம் கணினியோடு சேர்த்தே நினைக்கிறோம். அந்தக் குற்றத்தைக் கடதாசியும் பேனாவும் மட்டுமே இருந்த காலத்தில் வைத்து எழுதியதால், அதன் எலும்புக்கூடு நமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இந்த வகை நாவல்களில் பெண் துப்பறிவாளர் என்றால் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளே பலருக்கும் நினைவுக்கு வருவார். அவர் ஊதியமின்றி, தம் அறிவுக்கூர்மையால் மட்டும் உண்மையைக் கண்டுபிடிக்கும் முதியவர். கூலிக்குத் துப்பறியும் பெண் வேறு வகை: பி. டி. ஜேம்ஸின் கோர்டிலியா கிரே 1972இலும், மார்சியா முல்லரின் ஷரன் மக்கோன் 1977இலும், சாரா பரெட்ஸ்கியின் வார்ஷாவ்ஸ்கி கின்சி தோன்றிய அதே 1982இலும் அறிமுகமானார்கள். இவர்களுக்கும் மிஸ் மார்ப்பிளுக்கும் உள்ள வேறுபாட்டை வெறும் தொழில் வேறுபாடாகக் கொள்ளக் கூடாது. அறிமுகமில்லாத வீட்டின் படலையைத் தட்டி, 'இன்னார் இங்கே இருந்தாரா, எப்போது போனார், யாருக்குக் காசு கொடுத்தார்' என்று கேட்கும் உரிமை ஒரு பெண்ணுக்குத் தொழிலாக வழங்கப்பட்டிருக்கிறது. அவள் கேட்டதற்குக் கட்டணம் வாங்குகிறாள், கண்டதை அறிக்கையாக எழுதிக் கொடுக்கிறாள். தொடரின் பல நாவல்கள், கட்சிக்காரருக்குச் சமர்ப்பிக்கும் அறிக்கையின் முடிவுரையைப் போலக் கின்சியின் கையொப்பத்துடனேயே முடிகின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் போங்கள். ஏனென்றால், அந்தக் கேட்கும் உரிமை பறிபோனால் என்ன நடக்கும் என்பதுதான் இந்த இருபதாவது நாவலின் பொருள்.

கின்சி குடியிருப்பது ஹென்றி என்ற முதியவரின் வளவில் உள்ள சிறு வீட்டில். ஹென்றி ஒருகாலத்தில் வெதுப்பகத் தொழில் செய்தவர், எண்பதைத் தாண்டியும் உற்சாகம் குன்றாதவர். பக்கத்து வீட்டில் கஸ் விரொன்ஸ்கி என்ற, தொண்ணூறை நெருங்கும், சிடுசிடுப்புக்குப் பெயர்போன ஒரு கிழவர் தனியே வாழ்கிறார். ஒருநாள் விழுந்து தோள்மூட்டு விலகிவிடுகிறது. அவருக்கென்று எஞ்சியிருக்கும் ஒரே உறவினள், நாட்டின் மறுகரையில், நியூயோர்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவள் சில நாள் விடுப்பில் ஓடிவந்து, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, சொலானா ரோஹாஸ் என்ற தாதியை வீட்டோடு பராமரிப்புக்கு அமர்த்திவிட்டு, திரும்பிப் போய்விடுகிறாள். போவதற்கு முன், வந்தவளின் பின்னணியைச் சற்று விசாரித்துத் தரும்படி கின்சியிடம் கேட்கிறாள்.

இந்த விசாரணையைத்தான் உங்கள் வட்டத்தினர் நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும். விண்ணப்பத்தில் எழுதப்பட்ட பெயர், தாதி உரிமம், படித்த இடம், முன்பு வேலை செய்த பராமரிப்பு நிலையம் ஆகியவற்றைக் கின்சி சரிபார்க்கிறாள். எல்லாம் சரியாக இருக்கின்றன. சொலானா ரோஹாஸ் நேர்மையானவள், பொறுமைசாலி, வேலையில் குறை சொல்ல முடியாதவள் என்றே சொல்லப்படுகிறது. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. சொலானா ரோஹாஸ் என்ற பெயரில் அப்படியொரு நல்ல தாதி உண்மையிலேயே இருக்கிறாள். கஸ்ஸின் வீட்டுக்குள் காலடி வைத்திருப்பவள் அவளல்ல, அவளோடு ஒரே இடத்தில் வேலை பார்த்து, அவளுடைய பெயரையும் பத்திரங்களையும் களவெடுத்துக்கொண்டவள். கின்சி சரிபார்த்தது பெயரை. அந்தப் பெயரைச் சுமந்து வந்த முகத்தை அவள் ஒருவரிடமும் காட்டிக் கேட்கவில்லை. ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு பழைய வேலையிடத்துக்கு ஒரு நடை போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவ்வளவு சிறிய இடைவெளி. அந்த இடைவெளியைப் பற்றிக் கின்சி பின்னால் படும் வேதனையைக் கிராஃப்டன் மிகைப்படுத்தாமல், ஆனால் விடாமல் எழுதுகிறார்.

முதல் கேள்விக்கான பதிலும் இங்கேயே இருக்கிறது. அதற்கு முந்தைய 'எஸ்' நாவலில், 1953இல் நடந்தவற்றைச் சொல்வதற்காகக் கிராஃப்டன் கின்சியின் குரலை விட்டுப் படர்க்கைக்கு மாறினார். இந்த நாவலில் அந்த உத்தியை இன்னும் துணிவாகக் கையாண்டு, சில அத்தியாயங்களைப் போலித் தாதியின் பக்கமிருந்து சொல்கிறார். அவள் எதை விரும்புகிறாள், எப்படித் திட்டமிடுகிறாள், எதற்காகக் கோபப்படுகிறாள் என்பதெல்லாம் நமக்கு முன்கூட்டியே தெரியும், கின்சிக்குத் தெரியாது. 'யார்' என்ற கேள்வியை ஆசிரியர் வேண்டுமென்றே கைவிட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, கண் முன்னால் நடக்கும் தீங்கை, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எப்போது தீங்கென்று உணர்வார்கள், உணர்ந்தாலும் எதைக் கொண்டு நிறுவுவார்கள் என்ற கேள்வியை வைக்கிறார். புதிரை அவிழ்க்கும் இன்பத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கோ, தெரிந்தவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாதவளைப் பார்த்துத் தவிக்கும் இந்தத் தவிப்பு, கடைசி அத்தியாயத்தில் கிடைக்கும் எந்த வியப்பையும் விட வலியது.

அந்தத் தீங்கு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஓங்கிய கையோ உயர்ந்த குரலோ தேவைப்படுவதில்லை. முதலில் கதவு. யார் வந்தாலும் கதவைத் திறப்பவள் அவள். 'அவர் நித்திரை' என்று சொல்லித் திருப்பி அனுப்புபவளும் அவளே. அடுத்தது தொலைபேசி. நியூயோர்க்கிலிருந்து அழைக்கும் உறவினளுக்குக் கிழவரின் குரல் கேட்பதில்லை. அவருக்கு மறதி கூடிவிட்டது, ஆட்களை அடையாளம் தெரியவில்லை, கண்டபடி பேசுகிறார் என்ற செய்தி மட்டுமே கேட்கிறது. மூன்றாவது மருந்து. சொன்ன மறதி உண்மையிலேயே தெரியும்படி, தெளிவிழந்து கிடக்கும்படி மருந்து கொடுக்கப்படுகிறது. அதன் பிறகு கிழவர் உண்மையைச் சொன்னாலும் அது நோயின் பிதற்றலாகவே எடுத்துக்கொள்ளப்படும். வேலியே பயிரை மேய்வது என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். அது நாளுக்கு நாள், வேளைக்கு வேளை, எப்படி மேய்கிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய நாவல் வேறொன்றை நான் வாசித்ததில்லை.

இதைவிடக் கசப்பான திருப்பம் ஒன்று இருக்கிறது. முதியோர் பாதுகாப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்குக் கின்சி முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்க்கிறார்கள். வீடு துப்புரவாக இருக்கிறது, நோயாளி படுக்கையில் இருக்கிறார், பொறுப்பான தாதி பக்கத்தில் நிற்கிறாள். நீதிமன்றத்தின் வழியாகக் கிழவரின் சொத்தும் உடலும் சட்டப்படியான ஒரு பாதுகாவலரின் பொறுப்புக்குப் போகின்றன. கின்சி நெருங்கக் கூடாதென்று அவளுக்கு எதிராகவே தடையுத்தரவும் பெறப்படுகிறது. அத்துமீறி நுழைந்தவள் வீட்டுக்குள் சட்டப்படி அமர்ந்திருக்கிறாள். இருபதடி தள்ளி வாழும், உண்மையில் அக்கறை கொண்ட அயலவள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவளாகிவிடுகிறாள். கேட்பதையே தொழிலாகக் கொண்டவளுக்குக் கேட்கும் உரிமை இல்லை. நாவலின் தலைப்பு யாரைக் குறிக்கிறது என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரே விடை வராது. இதற்கு மேல் கதையை நான் சொல்லப் போவதில்லை. முடிவை அவரவர் வாசித்தே அறிய வேண்டும்.

இனி மூன்றாவது கேள்வி. நம் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்வழிச் சொத்து. தாய்வழிக் குடிமுறை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வேரோடியிருக்கும் இந்தக் கரையோரத்தில், வாழைச்சேனையிலும் காத்தான்குடியிலும் காரைதீவிலும் திருக்கோவிலிலும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு எடுப்பதே வழக்கம். மூத்தவளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அடுத்தவளுக்குக் கட்டிய வீட்டுக்குப் போவதும், முதுமையில் கடைசி மகளோடு இருந்துவிடுவதும் எவருக்கும் விளக்க வேண்டாத ஏற்பாடு. மகள் ஊரில் இருக்கும்வரை அது தாய் தந்தையருக்கு இணையற்ற காப்பு. அந்த மகள் ரொறன்ரோவுக்கோ சூரிச்சுக்கோ போய்விட்டால், உறுதி அவள் பெயரில் இருக்கும், வீடு இங்கே இருக்கும், வயதான தாய் அந்த வீட்டில் தனியே இருப்பாள். கஸ்ஸின் நிலைமைக்கும் அந்தத் தாயின் நிலைமைக்கும் இடையில் எத்தனை அடி தூரம் என்று எண்ணிப் பாருங்கள். கஸ்ஸின் உறவினள் ஒரு விளம்பரத்தையும் சில தொலைபேசி அழைப்புகளையும் நம்பினாள். நம் பிள்ளைகள் ஒரு வட்ஸ்அப் அழைப்பையும் யாரோ தெரிந்தவர் சொன்ன ஒரு வார்த்தையையும் நம்புகிறார்கள்.

அயலட்டை கண் வைத்திருக்கும் என்ற வாதத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. கிடுகு வேலியும் அதில் ஒரு கடப்பும் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டுப் பெண் குசினிப் பக்கமாகவே உள்ளே வருவாள். முன்கதவில் யார் நிற்கிறார் என்பது பொருட்டே இல்லை. வந்தவருக்கு வெற்றிலை வட்டா நீட்டப்படும்; வீட்டின் பெரியவர் எழுந்து வந்து முகம் காட்டாவிட்டால், 'ஏன் காணவில்லை' என்ற கேள்வி அன்று மாலைக்குள் ஒழுங்கை முழுவதும் பரவிவிடும். இன்று நகரப் பகுதிகளில் வேலியின் இடத்தில் தலைக்கு மேல் உயர்ந்த மதில் நிற்கிறது, கடப்பின் இடத்தில் உள்ளிருந்து பூட்டப்படும் இரும்புப் படலை. வீட்டுக்கு ஒரே வாசல், அந்த வாசலுக்கு ஒரே ஆள். நாவலின் முதல் நிபந்தனை அங்கேயே நிறைவேறிவிடுகிறது. மேலும், அயலட்டையின் கண் எதைப் பார்க்கிறது என்பதையும் கேட்க வேண்டும். வேலைக்கு வந்தவள் காலையில் முற்றம் கூட்டுகிறாளா, அம்மாவைக் குளிக்க வார்க்கிறாளா என்பது தெரியும். நிரந்தர வைப்புப் புத்தகம் யாருடைய அலுமாரியில் இருக்கிறது என்பதும், எந்தக் கடதாசியில் எப்போது கையொப்பம் வாங்கப்பட்டது என்பதும் மதிலுக்கு வெளியே தெரிவதில்லை. சாந்தா தெரேசாவிலும் அயலவர்கள் இருந்தார்கள், நல்லவர்களாகவே இருந்தார்கள். பார்த்தார்கள். பார்த்தது போதவில்லை.

பத்திரத்தின் பலத்தைப் பற்றி நாவல் சொல்வது நமக்கு இன்னும் நேராகப் பொருந்துகிறது. இலங்கையில் காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதி வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்த முறை அது. ஏமாற்று நடக்காமல் காக்கவே அந்தச் சடங்கு. ஆனால், கையொப்பமிடுபவர் தெளிந்த மனத்தோடு இட்டாரா, வெளியே நிற்பவருக்குப் பயந்து இட்டாரா என்பதை இரு சாட்சிகளின் பெயர்கள் மட்டும் சொல்லிவிடுவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் கொடுக்கும் அற்றோணித் தத்துவமும் அப்படித்தான். உரியவரிடம் கொடுத்தால் பெரும் உதவி, பிழையான கைக்குப் போனால் வீட்டின் திறப்பையே கொடுத்ததற்குச் சமம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது என்கிறது. கவனிக்கப்படாத முதியவர் பராமரிப்புச் சபையிடம் முறையிடவும் வழி செய்கிறது. முறையிடுவதற்கு அந்த முதியவரின் குரல் வெளியே வர வேண்டும் என்பதுதான் கிராஃப்டன் தொட்டுக் காட்டும் இடம். உங்கள் வட்டத்தில் சட்டத்தரணி எவரேனும் இருந்தால், கலிபோர்னியாவின் பாதுகாவலர் முறையையும் நம் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். கூட்டத்தின் பயனுள்ள பகுதி அதுவாக இருக்கும்.

நாவலில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. வாகன விபத்து நட்டஈட்டு வழக்கொன்றுக்காகக் கின்சி ஒரு சாட்சியைத் தேடி அலையும் கிளைக்கதை, நடுப்பகுதியில் மூலக்கதையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அந்த வழக்கும் 'சொல்லப்படுவது உண்மையா, ஆள் சொன்ன ஆள்தானா' என்ற கேள்வியையே சுற்றுவதால் அதை முழுக்கப் பொருந்தாதது என்று தள்ள முடியாது. ஆனாலும் நீளம் கூடிவிட்டது. ஹென்றியின் காதல் முயற்சிகளையும் சிலர் தேவையற்றவை என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கஸ்ஸின் வயதை நெருங்கும் ஒருவர் தெளிவோடும் விருப்பத்தோடும் வாழ்கிறார் என்பதைப் பக்கத்து வளவிலேயே வைத்துக் காட்டாவிட்டால், முதுமை என்றாலே இயலாமை என்று வாசகர் எடுத்துக்கொள்ளக்கூடும். போலித் தாதியின் பாத்திரப் படைப்பில்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல். அவளுடைய கோபத்துக்கும் பேராசைக்கும் சொல்லப்படும் காரணங்கள், அவள் செய்யும் செயல்களின் நுட்பத்துக்கு ஈடாக எழவில்லை.

இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில்: தாராளமாக இறங்கலாம். ஒவ்வொரு நாவலும் தன்னளவில் முடியும் வழக்கு. கின்சியின் வாழ்க்கையில் தெரிந்திருக்க வேண்டியவற்றைக் கிராஃப்டன் ஒவ்வொரு முறையும் சில வரிகளில் சொல்லிவிடுவார். உண்மைகளைச் சிறு அட்டைகளில் ஒவ்வொன்றாக எழுதி, அவற்றைக் கலைத்து அடுக்கிப் பார்க்கும் அவளுடைய பழக்கமும், தெருக்கோடியில் உள்ள ஹங்கேரியப் பெண்ணின் உணவகமும் முதன்முறை வாசிப்பவருக்கும் உடனே பழகிவிடும். ஆங்கிலமும் கடினமானதன்று, வாக்கியங்கள் குறுகியவை, பேச்சு இயல்பானது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துவிடலாம். அவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பதானால், வயதானவர் மீதான கொடுமை விரிவாக வருகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இதன் பிறகு இன்னொன்று வாசிக்க விரும்பினால், முதல் நாவலுக்குப் போவதைவிட ஓர் எழுத்துப் பின்னால் போய் 'எஸ்' நாவலை எடுங்கள். 1953இல் காணாமற்போன ஒரு பெண்ணைப் பற்றி, அப்போது சிறுமியாக இருந்த மகள் முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துக் கேட்கிறாள். ஊரில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியும், எவரும் முழுவதும் சொல்வதில்லை. காணாமற்போனவர்களைப் பற்றிய கேள்விகளோடு நெடுங்காலமாக வாழும் நம் ஊர்களில் அதை எப்படி வாசிப்பார்கள் என்று அறிய எனக்கு மிகுந்த ஆவல். அந்தக் கூட்டத்தின் திகதியைத் தீர்மானித்ததும் அறிவியுங்கள், நானும் வருகிறேன்.